ஆறடி வலம்

யுகேந்திரன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபோது
கிண்ணத்தையும் கொண்டுபோய்விட்டான்.
பந்தை நிறுத்தி வைத்து உதைக்கிற ரப்பர்க் கிண்ணம்.
அவன் காசில் வாங்கியது, கேட்கவும் முடியாது.

லாபிஸ் தொழிற்கல்லூரி ரக்பிக் குழுவில்
முட்டி மோத ஆள் இருக்கிறது.
எல்லோரும் ஓய்ந்து, இடுப்பில் கைவைத்து,
ஒருவனை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கும்
அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் யாரும் இல்லை.

வியாழக்கிழமை, நாலரை மணி.
குழாய்ப் பட்டறையில் மூன்றங்குலப் பிவிசியை அறுத்து
சிக்கு ஹாசிம் புதுக் கிண்ணம் செய்திருந்தார்.
என்னிடம் நோட்டுப் புத்தகம்.
முழங்காலில் தகடு வருமுன் நானும் உதைத்தவன்தான்.
இப்போது எழுதுகிறவன்:
போனால் ஒரு டிக்,
போகாவிட்டால் எந்தப் பக்கம், எத்தனை அடி.

முதலில் ஆடி புத்ரா. பத்துக்கு ஏழு உள்ளே.
போகாத மூன்றும் மூன்று திசை.
ஒன்று செம்பனைக்குள் விழுந்தது,
குலை வெட்டுகிறவர் தள்ளுவண்டியில்
குலைகளோடு ஏற்றிக் கொண்டுவந்தார்.

ஜுன் வெய் எவ்வளவு அழகாக ஓடி வந்தான்!
ஓட்டத்துக்கு என்னிடம் கட்டம் இல்லை.
பந்து தரையிலேயே உருண்டது.

குமணன் கும்பிட்டுவிட்டு உதைத்தான்.
பிவிசி மட்டும் பறந்தது.

பிறகு பாவலன், குளிர்சாதனப் பிரிவு,
போன வருடம் முழுக்க ஐஸ் பெட்டி சுமந்தவன்.
முதல் பந்து: வலக்கம்பத்துக்கு வெளியே, ஆறடி.
இரண்டாவது: வலம், ஆறடி.
மூன்றாவதுக்குச் சிரிப்பு கிளம்பியது.
ஏழாவதுக்கு, வேலிக்கு வெளியே
பீசாங் கோரெங் விற்கிற அக்காவும்
கரண்டியை எண்ணெயிலேயே விட்டுப் பார்த்தார்.
வலம், ஆறடி.
பத்தும் அப்படியே.

சிக்கு நோட்டை வாங்கினார். நெடுநேரம் பார்த்தார்.
"இவன்தான்" என்றார்.

ஆடி புத்ராவின் முகத்தை நான் எழுதவில்லை.

"ஏழு போட்டவனை விட்டுட்டா?" யாரோ முணுமுணுத்தான்.
சிக்கு மலாயில் சொன்னது எனக்குத் தமிழில் கேட்டது:
மற்றவன் தவறு எங்கே போகுமென்று அவனுக்கே தெரியாது.
இவன் தவறு வீடு மாறுவதில்லை.

இடக்கம்பத்துக்கு வெளியே தெரிந்தது
செம்பனை ஆலையின் புகைபோக்கி.
அதைப் பார்த்து உதைக்கச் சொன்னார்.
பந்து ஆலைக்கென்றே கிளம்பி
பாதி வழியில் மனம் மாறி
நடுவே போய் விழுந்தது.

மூன்று வாரம்
மைதானத்தின் ஒவ்வொரு இடத்துக்கும்
ஒரு பொய்க் கம்பம் தேடினோம்.
இந்த மூலைக்குத் தண்ணீர்த் தொட்டி,
அந்த மூலைக்கு ரயில் பாலத்து விளக்கு,
நடுவுக்கு ஆலை.
நோட்டின் கடைசிப் பக்கத்தில்
ஊரையே கோணலாக வரைந்து வைத்தேன்.

குளுவாங் மைதானத்தில் எதுவும் இல்லை.
கம்பத்துக்குப் பின்னால் வெறும் வானம்,
மழைக்கு முந்திய ஒரே சாம்பல்.
இரண்டு புள்ளி பின்னால், கடைசி நிமிடம், விசில்.
பாவலன் பிவிசியை ஊன்றினான்.
தலை தூக்கினான். மறுபடி தூக்கினான்.
அவன் கண் எதைத் தேடுகிறதென்று
அங்கிருந்தவர்களில் எனக்குத்தான் தெரியும்.

ஐஸ் பெட்டி மேல் கிடந்த சிவப்பு மழைக்கோட்டோடு
நொண்டி ஓடினேன்.
பந்து பொறுக்குகிறவன் எங்கே நின்றாலும்
யாரும் ஏனென்று கேட்பதில்லை.
இடக்கம்பத்துக்கு வெளியே
எண்ணி ஆறடி.
கோட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன்,
எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு.

அவன் பார்வை வந்து என்மேல் நின்றது.
மூன்று எட்டு பின்வாங்கினான்.

என்னைக் குறிவைத்துக் கிளம்பிய பந்து
பெரிதாகிக்கொண்டே வந்தது.
தப்பிப் போ, என்றேன் அதனிடம்,
எப்போதும் போல.
பென்சில் என் பல்லுக்கிடையில் இருந்தது.