வினா எண் பதினேழு

நாகர்கோவில் விடைத்தாள் முகாமில்
மின்விசிறிக்குக் கீழே சீனியர்கள்.
எனக்கு ஜன்னலோரம். சாரல் அடித்தால்
கட்டை நகர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்கக் கவிதை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்.
காலைக்கு நாற்பது தாள், மதியத்துக்கு நாற்பது.
பத்து மார்க் வினா:
எதுகையையும் சந்தத்தையும் அவர்கள் ஏன் கைவிட்டார்கள்?

விடைக்குறிப்பில் ஐந்து சொல், சொல்லுக்கு இரண்டு மார்க்.
சிகாகோ, சிறுபத்திரிகை, படிமம், போர், பேச்சுமொழி.
இருபத்தாறு பேர் ஒரே கைடைப் படித்திருந்தார்கள்.
சிகாகோவில் ஒரே எழுத்தை விட்டிருந்தார்கள்.

இருபத்தேழாவது தாளில் சிகாகோவே இல்லை.
போரும் இல்லை.
பையனோ பெண்ணோ, எண் மட்டும்தான் தெரியும்.
இங்கிலீஷில் எழுதியது, பிழைகளை விட்டுவிட்டுச் சொல்கிறேன்:

"எதுகை என்பது ஐஸ்.
எங்கள் குறும்பனையில் விடியக் கரையேறும் சாளைக்கு
யாரும் ஐஸ் போடுவதில்லை.
கொச்சிக்குப் போகிற மீனுக்குத்தான் பெட்டியும் ஐஸும்.
அவர்கள் கரையிலேயே விற்க நினைத்தார்கள்,
துள்ளும்போதே."

பிறகு அரைப்பக்கம் வெறுமை. குறுக்கே ஒரு கோடு.

மூன்று போட்டேன்.
டீ வந்தது, ஏத்தங்காய் பஜ்ஜியும்.
அடுத்த தாளில் மறுபடியும் ஓர் எழுத்துக் குறைந்த சிகாகோ.

எண்ணெய் விரலைக் கைக்குட்டையில் துடைக்கும்போது தோன்றியது:
இது தப்பாயிற்றே.
ஐஸ் போடாத அந்த வரிகள்
நூறு வருஷம், இரண்டு சமுத்திரம் தாண்டி
இந்த மேசைக்கு வந்திருக்கின்றன.
முகர்ந்து பார்த்தால் நாற்றமில்லை.
செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பு.

அந்தத் தாளை உருவி எடுத்தேன்.
மூன்றை அடித்து எட்டு. பக்கத்தில் என் சுருக்கொப்பம்.
இரண்டைப் பிடித்துவைத்தது ஏனென்று
இன்றுவரை எனக்கே தெரியாது. தொழில் பழக்கம்.

ரசல்ராஜ் சார் மேற்பார்வைக்கு வந்தவர்
சிவப்புப் பேனாவை அந்த வரியில் நிறுத்தினார்.
"ஊரு பேரு எழுதியிருக்கான் டீச்சரே.
அடையாளம் காட்டுறது. ரிப்போர்ட் போடணும், சைபர்."

"அது அமெரிக்காவுல உள்ள ஊரு சார்."

"குறும்பனையா?"

"மெயின் மாநிலம். கடலோரம்."

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
முப்பது வருஷமாகக் கருங்கலிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்,
குறும்பனைச் சந்தி தாண்டாமல் அவருக்கு மதியக் குழம்பு கிடையாது.
மின்விசிறி ஒருமுறை விக்கித் திரும்பியது.

"அங்க சாளை கிட்டுமா?"

"கிட்டும் சார்."

"ம்" என்றார்.
எட்டுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.