ரெண்டுக்கு ஒன்று

பதினெட்டாயிரம் என்றாள் பார்லர்க்காரி.
ஏர்பிரஷ் என்றால் இருபத்திரண்டு.
அதில் நாங்கள் பீரோவுக்குப் பெயிண்ட் அடிப்போம் அக்கா
என்று சொல்ல வாயெடுத்து
யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

தண்டையார்பேட்டை ஹைரோட்டில்
சேட்டுடைய பெயிண்ட் கடையில்
ஆறு வருஷமாக நிறம் கலக்கிறவள் நான்.
உதிர்ந்த சுவரின் சில்லு ஒன்றைக்
காகிதத்தில் மடித்து எடுத்து வருவார்கள்.
இதே கலர் வேணும்மா,
பக்கத்துச் சுவருக்குத் தெரியக் கூடாது.
மெஷின் சொல்லுமுன் என் கண் சொல்லிவிடும்:
கறுப்பு இரண்டு சொட்டு, காவி ஐந்து,
மஞ்சள், நினைத்ததைவிடக் கொஞ்சம் கூட.

எம்.சி. ரோட்டில் அந்தப் பையன்
என் புறங்கையில் தடவிக் காட்டியதெல்லாம்
வேறு யார் வீட்டுச் சுவரோ.
இருக்கிறதிலேயே டார்க் இதுதான்க்கா என்று
கடைசிக் குப்பியை வைத்தான், மன்னிப்புக் கேட்கிற மாதிரி.
அதை வாங்கினேன்.
பக்கத்தில் காப்பிப்பொடி நிறத்தில் ஒன்று.
கன்னத்தில் நிழல் போடுவதற்காம்.
அதையும் வாங்கினேன்.

இப்போது மணி நாலு.
முகூர்த்தம் ஏழரைக்கு மேல் ஒன்பதுக்குள்.
மண்டபம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்.
கொருக்குப்பேட்டையில் பிறந்தவளுக்கு
ராகுகாலத்தைவிட கேட்டுதான் பயம்.

பீரோக் கண்ணாடியின் ஓரத்தில் ரசம் போய்விட்டது,
எப்போதும் என் வலது காது அதற்குள் இருக்காது.
சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து அதன் முதுகில் கலக்கினேன்.
நிழல் ரெண்டு பங்கு,
முகம் என்று விற்றது ஒரு பங்கு.
தாடையில் ஒரு கோடு இழுத்துக்
கொஞ்சம் காத்திருந்து பார்த்தேன்.
கோட்டைக் காணோம்.
பக்கத்துச் சுவருக்குத் தெரியவில்லை.

இடது கண்ணுக்கு மை ஒரே இழுப்பில் வந்தது.
வலதுக்குக் கையைத் தூக்கியபோது
மணலியிலிருந்து டேங்கர் கூட்ஸ்.
பீரோ நடுங்க, கண்ணாடி நடுங்க,
உள்ளே இருக்கிற கல்யாணப்பெண் நடுங்கினாள்.
பிரஷ்ஷை அந்தரத்தில் பிடித்தபடி
பெட்டிகளை எண்ணினேன். நாற்பத்தெட்டு.
கடைசிப் பெட்டி போனதும் இழுத்தேன்.
இடதைவிட ஒரு நூல் தடிமன்.
சமமாக்கப் போனால் எங்கே போய் நிற்கும் என்று தெரியும்.
விட்டுவிட்டேன்.

கரண்ட் போனது.
டில்லிபாபு எழுந்துவந்து போன் டார்ச்சை
மோவாய்க்குக் கீழே பிடித்தான்.
டேய், பேய்ப் படமா எடுக்கிறோம்? மேலே பிடி.
தூக்கிப் பிடித்தான். அவன் தூங்கத் தூங்க
வெளிச்சமும் கூடவே சரிந்தது.

என் போனில் நாத்தனார் கோமளாவின் குரல்:
அண்ணி, கொஞ்சம் பிரைட்டாவே போட்டுக்கோங்க,
ஆல்பம் காலத்துக்கும் இருக்கும்ல.
அவள் அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான்.
என் நிறத்தைப் பற்றி இதுவரை ஒன்றும் சொன்னதில்லை.
சொன்னால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.
ஈரச் சுவரில் வெள்ளை அடித்த எத்தனை வீடுகள்
முதல் மழைக்குப் பிறகு
சில்லை மடித்துக்கொண்டு கடைக்கு வந்திருக்கின்றன.
அதையெல்லாம் சொல்லவில்லை.
கட்டைவிரல் ஒன்றை அனுப்பிவைத்தேன்.

தட்டுல மிச்சம் இருக்கே, கழுவிடவா
என்றாள் அம்மா.
பட்டுப்புடவை. முகத்தில் பவுடர் திட்டுத் திட்டாக,
சரியாகக் காயாத பிரைமர் போல.
உட்காரு என்றேன்.
எனக்கு எதுக்குடி இதெல்லாம் என்றாள்,
உட்கார்ந்துகொண்டே.
ஈரத்துணியால் துடைத்தெடுத்தேன்.
வேறு விகிதம் வேண்டியிருக்கும் என்று நினைத்துப்
பழக்கத்தில், தாடையில் ஒரு கோடு இழுத்தேன்.
டில்லிபாபு, டார்ச்சைக் கிட்டே கொண்டுவா.

அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.
யாரும் அவள் முகத்தைத் தொட்டு
எத்தனை நாளோ, கழுத்து விறைத்திருந்தது.
ஒரு கன்னம் முடிப்பதற்குள்
கீழே ஆட்டோ ஹாரன், மாமாவின் சத்தம்,
மாலைக்கூடை எங்கே, தாம்பாளம் எங்கே,
மணி அஞ்சரை.
தட்டை அவள் மடியில் கொடுத்தேன்.
கவிழ்ந்தபடியே, குழந்தையைப் போலப் பிடித்துக்கொண்டாள்.

கேட்டு மூடியிருந்தது.
டிரைவர் கெட்ட வார்த்தை ஒன்றைப் பாதியில் விழுங்கி
என்ஜினை அணைத்தார்.
தூரத்தில், வருகிறதா இல்லையா என்று தெரியாமல்,
ஏதோ ஒரு கூட்ஸ்.

நல்லதாப் போச்சு என்றேன்.
இந்தப் பக்கம் திரும்பு.