சாத்தியது, பூட்டாதது

இரவு இரண்டேகாலுக்கு அழைப்பு.
எம்டன், பழைய துறைமுகத்துக்குப் பின்தெரு,
மூன்றாம் மாடி, பெயர்ப்பலகையில் ஹார்ம்சன்.
லிஃப்ட் இல்லை. ஏறி முடித்ததும் முழங்கால் சொன்னது.

படிக்கட்டு விளக்கு நிமிடத்துக்கொருமுறை அணைகிற வகை.
அணையும்போதெல்லாம் அவர்தான் எட்டிப் பொத்தானை அழுத்தினார்.
போர்க்கும் தீவுக்குப் போகும் படகில் கயிறு பிடிக்கிற ஆள்,
மஞ்சள் மழைச்சட்டை, டீசல் வாசனை.
கயிற்றைச் சுற்றும்போது சாவிக்கொத்து கடலில் போய்விட்டதாம்.
"விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை" என்றார்,
அதுதான் பெரிய நஷ்டம் என்பதுபோல.

அடையாள அட்டை கேட்டேன். கேட்பது விதி.
பெயர் சரி, முகவரி சரி, முகம் மட்டும் பத்து வருடம் இளையது.
"மனைவி உள்ளே தூங்குகிறாள். இம்கே.
காதில் பஞ்சு வைத்துக்கொள்வாள், மணி கேட்காது."

கதவின் மேல்மூலையை உள்ளங்கையால் அழுத்தினேன்,
கீழ்மூலையை முழங்காலால்.
இரண்டும் அசைந்தன.
பூட்டிய கதவு அசையாது, சுவரோடு சுவராக நிற்கும்.
இது சாத்திய கதவு.
நாக்கு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது,
பாதி சொல்லி நிறுத்தினவர்களைப் போல.

"பூட்டவில்லை, நல்லவேளை" என்றேன்.
"துளை போட வேண்டாம், உங்களுக்குச் செலவு குறைவு."
அவர் சிரிக்கவில்லை.
"இரண்டு சுற்று பூட்டாமல் அவள் படுக்கமாட்டாளே.
கீழ்வீட்டில் திருடு போனதிலிருந்து அப்படித்தான்."

விளக்கு அணைந்தது.
இந்தமுறை அவர் பொத்தானை அழுத்தவில்லை.

இருபத்தாறு வருடமாக இதுதான் தொழில்.
உள்ளே இருப்பவர்கள் பூட்டுவார்கள்.
வெளியே போகிறவர்களும் பூட்டுவார்கள், கையில் சாவி இருந்தால்.
சாவியை உள்ளேயே வைத்துவிட்டுப் போகிறவருக்குத்தான்
இழுத்துச் சாத்துவதைத் தவிர வழியில்லை.
எனக்குத் தெரிந்துவிட்டது.
அவருக்கு இன்னும் தெரியவில்லை,
அல்லது கதவுக்கு இந்தப் பக்கம் இருக்கும்வரை
தெரிய வேண்டாம் என்று நின்றார்.

நானே பொத்தானை அழுத்திவிட்டு அட்டையை எடுத்தேன்.
சீட்டுக்கட்டுச் சீட்டைவிடச் சற்றுப் பெரிது, வளையும்,
ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி.
சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே இருக்கிற மயிரிழையில் நுழையும்.
கதவை லேசாக ஆட்டிக்கொண்டே
நாக்கின் சரிவைத் தொட்டால் போதும்.
அதற்குச் சரிவு வைத்தவன் விஷயம் தெரிந்தவன்.
தானாக மூடிக்கொள்ள வேண்டுமென்றால்
தானாக ஏமாறவும் வேண்டும்.

பதினொரு நொடி வேலை.
நான் நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டேன்.
அட்டையை வேண்டுமென்றே தவறவிட்டேன், குனிந்து தேடினேன்.
சட்டம் ஈரத்தில் ஊதியிருக்கிறது என்று பொய் சொன்னேன்.
வேறொரு அட்டையை எடுத்து, உதட்டைப் பிதுக்கி, திரும்ப உள்ளே வைத்தேன்.
"நல்ல பூட்டு" என்றார்.
"ரொம்ப நல்ல பூட்டு" என்றேன்.
அந்த நான்கு நிமிடமும்
அவர் மனைவி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு அதற்கு மேல் நடிக்க வரவில்லை.

கோட்டு மாட்டுகிற இடத்தில் ஒரே ஒரு கோட்டு, ஆண் அளவு.
கண்ணாடிக்குக் கீழே தட்டில் ஒரு சாவி,
வளையத்திலிருந்து கழற்றி வைத்தது.
காகிதம் எதுவும் இல்லை.
சாவியைத் தூக்கி அதன் அடியில் பார்த்தார்.
தட்டையும் தூக்கிப் பார்த்தார்.

ரசீது எழுதினேன், இரவுக் கட்டணமும் சேர்த்துத்தான்.
குறைத்தால், எனக்கு முன்பே தெரியும் என்று
அவருக்குத் தெரிந்துபோகும்.
நோட்டுகளை இரண்டு தரம் எண்ணினார்.
தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு,
கெண்டி எங்கே இருக்கும் என்று யோசிக்கிறவர்போல
அடுப்படியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.
வேண்டாம் என்றேன்.

"போகும்போது சாத்திவிட்டுப் போங்கள்."

வெளியே வந்து, கையில் சாவி இல்லாமல்,
குமிழைப் பிடித்து இழுத்தேன்.
சத்தமில்லாமல் சாத்தத்தான் பார்த்தேன்.
முடியாது. அந்த நாக்குக்குத் தெரிந்தது ஒரே சொல்.
சாயங்காலமே ஒருமுறை
அதைச் சொல்லியிருக்கிறது.