இருபது அடி மிச்சமிருந்தாலும்

முனிர்க்காவில் மே மாதத்து மூன்றாம் ஞாயிறு.
கூலருக்கு ஊற்றிய தண்ணீர்
வெந்நீர்க் காற்றாக அறைக்குள் திரும்புகிறது.
தரையில் வரைபடம்.
மூலைகளுக்குப் பாரம் வைத்திருக்கிறோம்:
ஆவக்காய் பாட்டில், முபாரக்கின் ஹெல்மெட்,
என் இடதுகால் பூட்ஸ்,
நான்காவதில் ஜெசிந்தாவின் முழங்கால்,
போன அக்டோபரில் ஏழு தையல் போட்டது.

தோலாராம் போனில் சொல்கிறார்,
கணவாயில் பனி இன்னும் போகவில்லை.
எவ்வளவு?
இருக்கிறது.
எப்படிப்பட்ட பனி என்று
அவர் சொன்ன மூன்று சொல்லுக்கும்
நான் ஒரே சொல்லை எழுதிக்கொண்டேன்.
புல் நுனியில் சொட்டுவதும் பனி,
லாரி விளக்கை மறைப்பதும் பனி,
ஆளை இடுப்புவரை விழுங்குவதும் பனிதான் என்றால்
என் தமிழ் இதுவரை
அந்தக் கணவாய்ப் பக்கம் போகவில்லை.

மழை பெய்து நிறையாத குளம்
பனி பெய்தா நிறையும் என்றான் முபாரக்,
எதற்கோ.
வரைபடத்தில் கணவாய்க்குக் கீழே
ஒரு நீலப் புள்ளி.
அந்தக் குளம் அப்படித்தான் நிறைகிறதாம்.
பழமொழி அங்கே செல்லாது, வேறு நோட்டு எடு
என்றாள் ஜெசிந்தா.

சிவப்பு மை: நேரே ஏறுவது.
சமமட்டக் கோடுகள் அங்கே
ஈர்கொல்லிச் சீப்பின் பற்கள்.
பச்சை மை: ஆட்டிடையர் பாதை,
முகட்டைச் சுற்றி, ஒரு நாள் அதிகம்,
நடுவில் ஓடை, பத்து மணிக்குமுன் தாண்ட வேண்டும்,
பிறகு மேலே உருகியதெல்லாம் இறங்கி வரும்.
பென்சில்: தேவதாருக் காடு வழியாகச் சாலைக்கு,
யாரும் ஆசைப்படாத வழி.
பென்சில் கோட்டை அவள்தான்
மிக நிதானமாக வரைந்தாள்.

எனக்கு மிச்சம் நாலு சி.எல்.
வியாழன் இரவு காஷ்மீரி கேட்டில் பஸ்,
செவ்வாய் காலை மேஜையில் முகம்.
சிவப்பு என்றால் முடியும்.
பச்சை என்றால்
சௌத்ரி சாரிடம் ஒரு பொய் தேவைப்படும்.

சிவப்பே போகலாம் என்று மூன்றாம் முறை சொன்னேன்.
கரண்ட் போனது.
ஜெசிந்தா எழுந்தாள்.
மூலை சுருண்டு கணவாயை மூடிக்கொண்டது.

பழைய ஃபிரிட்ஜ். ஃப்ரீசருக்குள்
டப்பாக்கள் புதைந்துபோகும் அளவுக்குப் பனி.
ஸ்பூனால் தட்டினாள். டங்.
காலை ஆறு மணி, என்றாள். வழுக்கும்.
கதவைத் திறந்தே விட்டாள்.
நாங்கள் தயிர்சாதம் சாப்பிட்டோம்,
விசிறிக்கொண்டோம்,
மருந்துப் பட்டியலைச் சண்டையில்லாமல் முடித்தோம்.
பிறகு அதே இடத்தில் அதே ஸ்பூன்.
சத்தமே இல்லை.
கைப்பிடி வரை இறங்கியது.
மதியம் ரெண்டு மணி, என்றாள்.
ஸ்பூனை வெளியே எடுக்கவில்லை.

அக்டோபரில் அந்தச் சரிவில்
அவளுக்குப் பின்னால் வந்தவன் நான்.
இன்னும் கொஞ்சம்தான், நட, என்று சொன்னவனும்.
ஏழு தையலிலும் என் குரல் இருக்கிறது.
அவள் அதைச் சொன்னதே இல்லை.

வரைபடத்தின் ஓரத்தில் எழுதினாள்:
பதினொன்றுக்குள் கணவாய்.
இல்லையென்றால் திரும்புகிறோம்.
இருநூறு அடி மிச்சமிருந்தாலுமா, என்றான் முபாரக்.
இருபது அடி மிச்சமிருந்தாலும்.
மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம்,
வாடகை ஒப்பந்தம் மாதிரி.

ஃபிரிட்ஜுக்கு அடியிலிருந்து ஒரு நீர்க்கோடு
மெதுவாக வரைபடத்தை நோக்கி வந்தது.
சிவப்பு மைதான் முதலில் கலங்கியது.
என் பழைய டீ-ஷர்ட்டால் துடைத்தோம்.
பென்சில் கோடு அப்படியே இருந்தது.

இரவு பதினோரு மணி, இன்னும் கரண்ட் இல்லை.
கம்பளிச் சாக்ஸ், பூட்ஸ்,
பத்து கிலோ ஆட்டா மூட்டை முதுகில்.
நாலு மாடி ஏறி இறங்குகிறேன்.
இரண்டாம் மாடிச் சர்தார்ஜி
டார்ச்சை என் முகத்தில் அடித்து
மாவு மேலே போகிறதா கீழே போகிறதா என்றார்.
இன்னும் முடிவாகவில்லை என்றேன்.

லீவு விண்ணப்பத்தில் ஐந்து நாள் என்று எழுதினேன்.
காரணம் என்ற இடத்தில்
பல்வலி என்று ஆரம்பித்து
அடித்துவிட்டு, பனி
என்று எழுதினேன்.
அடைமொழி எதுவும்
கிடைக்கவில்லை.