மூன்று சொட்டு

டொரண்டோவிலிருந்து நாத்தனார் கனகாம்பிகை அனுப்பிய குரலில்
கார்க் கண்ணாடியின் வைப்பர் ஓடுகிறது.
"அண்ணி, தக்காளிச் சாறு, மிளகு, செலரித் தண்டு,
கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் காரம்,
கடைசியில் அந்த எண்ணெய், மூன்றே சொட்டு.
இங்கே கடையில் பில் போட்டுக் கொடுக்கிறான்.
அண்ணன் முதுகு பஞ்சாகிவிடும்."

பாடாங் செராயில் இரவு பத்தரை.
அடுப்படிக் கதவைச் சாத்தி
ஒலியைக் குறைத்து இன்னொரு தடவை கேட்டேன்.
பிறகு அழித்தேன்.
அழித்தது அழிந்ததா என்று
மறுபடி போய்ப் பார்த்தேன்.

அந்தச் செடியை நான் நேரில் கண்டதில்லை.
பள்ளிச் சுவரில் கண்டிருக்கிறேன்:
ஏழு விரல் இலை, பக்கத்தில் சுருக்குக் கயிறு.
வருஷா வருஷம் இலைக்குப் பச்சை தீட்டினார்கள்.
கயிற்றுக்கு யாரும் தீட்டவில்லை,
அது மங்கவே இல்லை.

இவர் பலகையில் படுத்துப் பதினாறு மாதம்.
செம்பனைக் குலை சரிந்தபோது சட்டென்று விலகினார்.
குலை தப்பியது,
வாய்க்கால் தப்பவில்லை.
கிளினிக்கில் தந்த மஞ்சள் மாத்திரை
வலியைத் தொடுவதில்லை,
வயிற்றைத்தான் தொடுகிறது.

சனிக்கிழமை பசார் மாலாமில்
கேமரன் தக்காளி இரண்டு கிலோ,
அமுங்கினது பார்த்து, விலை பேசி.
கேஸ் நெருப்பில் நேராகக் காட்டினேன்.
தோல் வெடித்துச் சுருண்டது.
அரைத்துத் தேத்தண்ணி வடிகட்டியில் வடித்தேன்,
நாலு தடவை அடைத்துக்கொண்டது,
கரண்டியால் திட்டித் திட்டி இறக்கினேன்.
செலரிக்குப் பதில் டாவுன் சூப்.
எலுமிச்சைக்குப் பதில் லீமாவ் கஸ்தூரி, பிழிந்தால் நகம் எரியும்.
அந்தக் கறுப்பு சாஸுக்கு இருக்கிற வெள்ளைக்காரப் பெயரை
சீனர் கடையில் நானும் சொல்ல முடியவில்லை,
கடைக்காரியும் சொல்ல முடியவில்லை,
விரலால் காட்டி வாங்கினேன்.
கிளாஸ் விளிம்பில் அசம் போய் இடித்த பொடி.
சாராயம் கிடையாது.
மாத்திரை அட்டையில் சிவப்பாய் எழுதியிருக்கிறது.

இனி மூன்று சொட்டு.
நல்லெண்ணெயைக் காய்ச்சிக்
கறிவேப்பிலை கிள்ளிப் போட்டேன்.
ஏழு இலை.
ஏன் எண்ணினேனோ.

"காக், என்ன வாசம் இது?"
வேலிக்கு அந்தப் பக்கம் சார்ஜன் ரொஸ்லி.
போலீஸ் கால்சட்டை, மேலே வெறும் பனியன்,
கையில் பூனைக்கான மீன் தட்டு.
போன மாதம் எங்கள் ஏணியை வாங்கிப்போனவர்,
இன்னும் தரவில்லை.
எதுவும் செய்யாத என் கை
எல்லாம் செய்த மாதிரி நடுங்கியது.
சிலிப்பாடிச் செடிக்கு மேலாக ஒரு கிளாஸ் நீட்டினேன்.
நின்றபடி குடித்தார்.
விளிம்பை நாக்கால் ஒரு சுற்று துடைத்தார்.
"செடாப்," என்றார்.
அப்புறம் கண்ணை மூடி யோசித்து,
"ஆனால் ஏதோ ஒன்று குறைகிறதே, காக்."
"உப்பா?"
"உப்பில்லை."

உள்ளே பலகையிலிருந்து சத்தம்.
இவர் சிரிக்கிறார்.
சிரித்தால் இவருக்கு வலிக்கும்.
வலித்தது, "அம்மாடி" என்றார்,
மறுபடி சிரித்தார்.

அண்ணனுக்கு எப்படி இருக்கிறது என்று
கனகாம்பிகை கேட்டிருந்தாள்.
"காரம் கூடிப்போச்சு" என்று மட்டும் எழுதினேன்.

இரவு இரண்டு மணிக்கு வழக்கம்போல் விழித்துக்கொண்டார்.
குளிர்ப்பெட்டியில் அரைக் கிளாஸ் மிச்சம்.
மேலே எண்ணெய் மூன்று வட்டமாய்,
ஒன்றோடு ஒன்று சேராமல்.
நீட்டினேன். குடிக்கவில்லை.
மெல்லத் திரும்பிப் படுத்து
கிளாஸை முதுகில் வைக்கச் சொன்னார்.
இன்னும் கீழே. கொஞ்சம் இடது.
அங்கேதான்.
கிளாஸ் சூடாகும்வரை
பிடித்துக்கொண்டிருந்தேன்.