நிறுத்துவதற்கும் ஸ்டார்ட்தான்

எண்ணூர் நெடுஞ்சாலையில் வண்டி நின்று
நாலு மணி நேரம்.
முன்னால் நூற்றுச்சொச்சம் ட்ரெய்லர்.
பின்னால் எத்தனையோ, எண்ணவில்லை.
கிளீனர் சீட்டுக்கு அப்பால் கருங்கல் சரிவு,
அதற்கப்பால் கடல்.
துறைமுகக் கேட் திறக்கும்போது திறக்கும்.

ஜித்தாவிலிருந்து லாசர் அனுப்பியிருக்கிறான்:
முந்நூறு கேபி.
எங்கள் குரூப்பில் வரும் காலை வணக்கப் படமே
இதைவிடக் கனம்.
கூடவே ஒரு வரி:
"ஏழு இருக்குடா."

திரையில் வரைந்த பொத்தான்கள்.
அழுத்தினால் திருப்பி அழுத்தாதவை.
கட்டைவிரல் தேடுவது
கல்மண்டபத்துப் பின்சந்தில்
இருதயமேரி அக்கா கடையின் ரெண்டாம் நம்பர் ரிமோட்டை.
அதில் பி பட்டன் உள்ளே போனால் வராது.
ஊக்கால் நெம்பி எடுக்கவேண்டும்,
அதற்குள் ஒரு உயிர் போயிருக்கும்.

மணிக்கு ஆறு ரூபாய். நாலு டிவி.
மூன்றாவதில் ட்யூனிங் நிற்காது,
சுட்டுக்கொண்டு ஓடுகிற ஹீரோவின் முதுகுக்குப் பின்னால்
செய்தி வாசிக்கும் அம்மா
மங்கலாய் உதடசைப்பார்.

கேசட்டின் மேல் ஒட்டியிருந்தது
வெளிநாட்டுப் படத்தின் போஸ்டர்.
ஹீரோவின் முகம் பாதி கிழிந்து
மிச்சம் ஒரு மூக்கும் துப்பாக்கியும்.
உள்ளே இருந்தவனோ பதினாறு புள்ளி உயரம்,
முகத்துக்கென்று மூன்று புள்ளி.
அவன்தான் இவன் என்று
நாங்கள் யாரும் சந்தேகப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமைத் தொடருக்கும் ஒரு கேசட் இருந்தது.
டிவியில் பொய்யே சொல்லாத போலீஸ்காரர்
அதில் காரணமில்லாமல் ஆமைகளை மிதித்துக்கொண்டே போவார்.
அதையும் நம்பினோம்.

படம் வந்தது ரெண்டு வருஷம் கழித்து,
தமிழ் பேசிக்கொண்டு,
தண்டையார்பேட்டையில், காலைக் காட்சியாக.
கிடங்கு வந்தது. மரப்பெட்டிகள் வந்தன.
லாசர் சீட்டின் மேல் ஏறி நின்றான்:
"மூணாவது பொட்டிய ஒடைடா! உள்ள லைஃபு கீது!"
ஹீரோ உடைக்கவில்லை.
ஒரு பெண்ணிடம் எதையோ விளக்கிக்கொண்டிருந்தான்.
(எங்களுக்குத் தெரிந்து அவனுக்குப் பெண்ணே கிடையாது,
ஹெலிகாப்டர்தான் உண்டு.)
அடுத்த காட்சியில் குண்டு பாய்ந்து விழுந்தான்.
தியேட்டர் உச்சுக்கொட்டியது.
"சொன்னேன்ல" என்று உட்கார்ந்தான் லாசர்.

அக்கா கடையில் ஆறாம் கட்டம் முடிந்தால்
மறுபடி ஒன்று.
அதே மழை, அதே வேலி, அதே நாய்.
வில்லன் எங்கே என்று கேட்டதற்கு
சில்லறையை எண்ணியபடியே சொன்னாள்:
"அறுவது ரூவா கேசட்டுல வில்லன் வேற வோணுமா?"

பின்னால் ஹாரன்.
ஸ்டார்ட்டை அழுத்துகிறேன்.
நிறுத்துவதற்கும் ஸ்டார்ட்தான்,
அன்றும் இது எனக்குப் புரிந்ததில்லை.
கியர் போட்டு, ஒரு வண்டி நீளம் உருட்டி,
ஹேண்ட்பிரேக்.
மறுபடி ஸ்டார்ட்.

இதில் எங்கே வேண்டுமானாலும் சேமிக்கலாம்,
சாவதற்கு ஒரு நொடி முன்னால்கூட.
பதினோரு முறை சேமித்தேன்.
வெட்கமெல்லாம் இல்லை,
நாற்பத்திரண்டு வயசு, கண்ணாடி வேறு வீட்டில்.

ஆறு முடிகிறது.
திரை கறுக்கிறது.
ஒன்று வரவில்லை.

ஏழாம் கட்டம் ஒரு துறைமுகம்.

சிவப்புப் பெட்டிமேல் நீலப் பெட்டி,
அதன்மேல் க்ரேன்.
எந்தப் பெட்டிக்கும் சீல் இல்லை.
பதினாறு புள்ளி ஆள் கேட்டைத் தாண்டி ஓடுகிறான்,
பேப்பர் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை,
டீ காசு கேட்கவில்லை.
நான் வாய்விட்டுச் சிரித்ததில்
பக்கத்து வண்டி ஓட்டுநர் எட்டிப்பார்க்கிறார்.

மூன்றாவது பெட்டியைப் பழக்கத்தில் உடைத்தேன்.
காலி.

கடைசியில் அவன் வருகிறான், வில்லன்,
எங்கள் ஆளைவிட ரெண்டு புள்ளிதான் உயரம்.
கையை ஓங்குகிறான்.
ஹாரன், ஒன்றல்ல, வரிசை முழுக்க.
கேட் திறந்துவிட்டது போல.

ஓங்கிய கையோடு நிற்கட்டும்.
லாசருக்கு இன்னும் பதில் போடவில்லை.