கழுத்து அளவு

முப்பத்தெட்டு நோட்டு மேசைமேல்.
கரும்பலகையில் என் கையெழுத்து:
பென்சிலில் எழுது.
தேதி வலப்பக்கம்.
அடிக்கோடு ஸ்கேல் வைத்து.
சொல்லுக்கும் சொல்லுக்கும் ஒரு விரல் இடம்.
பத்து வாக்கியம். ஒன்பது கூடாது, பதினொன்றும் கூடாது.

திருப்பூர், மூன்றாம் வகுப்பு, ஆ பிரிவு.
காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப்பக்கம் பனியன் கம்பெனி.
அங்கே டீ பெல் அடித்தால்
இங்கே பாதிப்பேர் தலை திரும்பும்.

மௌனிஷ் நோட்டைத் திறந்தேன்.
சொற்கள் ஒன்றோடொன்று கோபித்துக்கொண்டாற்போல்
தள்ளித் தள்ளி நின்றன.
"நாய்" இந்த ஓரம், "குரைத்தது" அந்த ஓரம்,
நடுவில் ஒரு மினிபஸ் போகலாம்.
பத்து வாக்கியத்துக்கு நாலு பக்கம்.
"ஒரு விரல்தானேடா சொன்னேன்?"
கட்டைவிரலைப் படுக்கப் போட்டுக் காட்டினான்.
"எந்த விரல்னு சொல்லலீங்க டீச்சர்.
எப்படி வெக்கறதுன்னும் சொல்லலீங்க."

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.
வந்தது; அடக்கினேன். இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.
நாலு பக்கத்திலும் சிவப்பு மை.
மறுபடியும் எழுது. அம்மாவை வரச்சொல்.

கோகிலவாணி டீ இடைவேளையில் வந்தாள்.
பத்து நிமிஷம்தான் பர்மிஷன்.
செக்கிங் டேபிளில் நிற்கிறவள்.
தோளில் சின்னதாய் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர்,
அவளுக்கே தெரியாமல் ஒட்டியிருந்தது.
ஓட்டை, கறை, பிசிறு எங்கே என்று காட்டுகிற அம்பு
இப்போது அவள் காதைக் காட்டியது.

பனியனைப் புரட்டுகிற வேகத்தில் நோட்டைப் புரட்டினாள்.
"தப்புத்தானுங்க," என்றாள். "அளவு தாண்டிப் போச்சு."
எனக்கு நிம்மதி.
அப்புறம் கேட்டாள்:
"ஏனுங்க டீச்சர், உங்க சார்ட்ல டாலரன்ஸ் எவ்வளவுங்க?"

புரிந்தாற்போல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

"உயரத்துல ஒரு சென்டி கூடக்கொறய இருந்தாப் பாஸுங்க.
கை நீளத்துல அரை.
கடல் தாண்டி இருக்கற பையரே எழுதிக் குடுத்துடறானுங்க,
துணின்னா இழுபடும், சுருங்கும்னு அவனுக்கும் தெரியுமுங்க.
கழுத்துல மட்டும் உடமாட்டானுங்க.
தல போகோணுமில்லீங்க?"

பெல் அடித்தது. ஓடினாள்.
போகிற போக்கில், "நாலு போட்டாலும் ஒண்ணும் கேக்கமாட்டனுங்க" என்று வேறு.
நான் கேட்காத சலுகை.

இளகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.
விட்டுக்கொடுத்த வருஷமும் உண்டு எனக்கு,
நம்பியூரில், வேலைக்குச் சேர்ந்த புதிதில்.
எப்படியாவது எழுதினால் போதும் கண்ணுகளா என்றேன்.
தீபாவளிக்குள் பாதிப்பேர்
எப்படியும் எழுதாமல் ஆனார்கள்.

சாயங்காலம் வகுப்பு காலியான பின்
நோட்டுகளை மறுபடி எடுத்தேன்.
எது உயரம், எது கை, எது கழுத்து?
தேதி இடப்பக்கம். பாஸ்.
அடிக்கோடு நொய்யல் மாதிரி வளைந்து வளைந்து. பாஸ்.
ஹர்ஷவர்தினி பேனாவில் எழுதியிருக்கிறாள்;
வீட்டில் இருக்கிற ஒரே பென்சில் அண்ணனோடு டியூஷனுக்குப் போயிருக்கும். பாஸ்.
கவின்ராஜ் நோட்டில்
தேதி, கோடு, விரலிடம், பத்து வாக்கியம்
அச்சுப் பிசகாமல்.
கையெழுத்து அவன் அக்காவுடையது.
காலையில் அதற்குத்தான் "மிக நன்று" போட்டிருந்தேன்.

மௌனிஷின் நாலு பக்கத்தையும் வாசித்தேன்.
காலையில் அளந்தேனே தவிர வாசிக்கவில்லை.
நாய் பஸ்ஸைப் பார்த்துக் குரைத்தது.
பஸ் நிற்கவில்லை.
நாய் வீட்டுக்குப் போனது.
நான் யாரையும் குரைக்கவில்லை என்று சொன்னது.

கரும்பலகையைத் துடைக்கப் போனவள்
டஸ்டரை வைத்துவிட்டுச் சாக்பீஸை எடுத்தேன்.
விரல் என்பதற்கு முன்னால் "ஆள்காட்டி" சேர்த்தேன்.
அதன் தலையில் பொடி எழுத்தில், "நிற்க வைத்து".

யார் விரல் என்று கேட்பான், நாளைக்கு.